கடிதத்தில் ஏழு துறை

அந்தக் கடிதத்தை நான் மொழிபெயர்த்துக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெரியவர் அதைத் திரும்ப எடுத்துவந்து என் மேசைமேல் விரித்தபோது முதலில் கண்ணில் பட்டவை பென்சில் வட்டங்கள். ‘துறை’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ஒரு வட்டம், பக்கத்தில் 1, 2, 3 என்று எண். மூன்று பக்கத்தில் ஏழு வட்டம். ஆறாவதை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றியிருந்தார். அந்த இடத்தில் காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது.

“ஏழு எடத்துல துறைன்னு போட்டிருக்கீங்கம்மா. இதுல மொத்தம் எத்தனை துறை? நான் எதுக்கு அனுப்பியிருக்கணும்?”

வெளிநாட்டில் வேலை பார்த்த அவருடைய மகன் அங்கேயே இறந்துபோனார். அந்த நாட்டு அரசிடமிருந்து வரவேண்டிய இழப்பீட்டைப் பற்றிய கடிதம் அது. உரிய ஆவணங்களை 60 நாட்களுக்குள் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று முதல் பக்கத்தில் இருந்தது. கடிதத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த முகவரியைப் பார்த்து, துறை என்றால் இதுதான் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். ‘ஆவணங்கள் எதையும் துறை நேரடியாகப் பெற்றுக்கொள்வதில்லை’ என்று மூன்றாம் பக்கத்தில் இருந்த குறிப்பையும் அவர் படிக்காமல் இல்லை. படித்திருக்கிறார், பென்சிலால் சுற்றியும் இருக்கிறார். ஆனால் அது என்ன சொல்ல வருகிறது என்று பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? துறைக்கு அனுப்பு என்று ஒரு பக்கம், துறை வாங்காது என்று இன்னொரு பக்கம். அதுதான் அந்த ஆறாவது வட்டம். உறை அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதற்குள் கெடுவும் முடிந்துவிட்டது.

ஆங்கில மூலத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘டிப்பார்ட்மென்ட்’ மூன்று இடத்தில், ‘பீரோ’ நான்கு இடத்தில். ஆவணங்களை வாங்குவது பீரோ. வாங்காதது டிப்பார்ட்மென்ட். அதன் முகவரிதான் கடிதத்தின் உச்சியில் இருந்தது. இரண்டையும் நான் துறை என்றே எழுதியிருக்கிறேன். முழுப் பெயர் வரும் முதல் இடத்தில், ஒரு துறையின் பெயருக்குப் பின்னால் ‘-இன்’ போட்டு இன்னொரு துறையை எழுதியபோதுகூட என் கை நிற்கவில்லை. அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், அன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையான காரணம் அது இல்லை. அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். மகனை இழந்த ஒருவருக்கு மூன்று மாத அலைச்சலைக் கொடுத்தது என்னுடைய அந்த நம்பிக்கை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்புறம் பல நாள் இந்த ஒரு சொல்லையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

கமா போட்டு நிற்கும் சொற்கள்

அகராதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் இணைச்சொற்களை அது அடுக்கும் முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. பீரோ என்று தேடினால் டிப்பார்ட்மென்ட், ஏஜென்சி, ஆபீஸ், டிவிஷன், பிராஞ்ச், போர்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரிசை வரும். தமிழில் துறை, அலுவலகம், பிரிவு, செயலகம், பணியகம் என்று இன்னொரு வரிசை. எல்லாம் ஒரே வரியில், கமா போட்டு, தோளோடு தோள் உரசி நிற்கும். பார்த்தால் எதை எடுத்து எங்கே வைத்தாலும் பொருந்தும் என்று தோன்றும். இதில் யார் பெரியவர், யார் சின்னவர், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை அந்தக் கமா சொல்வதே இல்லை. மேசை, நாற்காலி மாதிரியான சொற்களில் இதனால் பெரிய நட்டமில்லை. அரசாங்க அமைப்புகளின் பெயரில் அந்த மேல்-கீழ்தான் பாதிப் பொருள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டிப்பார்ட்மென்ட் என்பது நாம் அமைச்சகம் என்று சொல்வதற்கு நிகரானது. அமைச்சரவையில் உட்காரும் ஒருவர் அதற்குத் தலைவர். பீரோ அதற்குள்ளே இருப்பது. எஃப்பிஐ என்ற புலனாய்வு பீரோ நீதித் துறைக்குள் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் பீரோ வணிகத் துறைக்குள் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை அவர்கள் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1884இல் தொழிலாளர் நிலைமைகளைப் பற்றிய தகவல் திரட்டுவதற்காக உள்துறையின் கீழ் ஒரு பீரோ தொடங்கினார்கள். 1888இல் அது தனித்து நிற்கும் டிப்பார்ட்மென்ட் ஆனது, ஆனால் அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை. 1903இல் வணிகத்துக்கும் தொழிலாளருக்கும் சேர்த்து ஒரே துறை அமைத்தபோது, அது மறுபடி பீரோவாகி அதற்குள் அடங்கியது. 1913இல் தொழிலாளருக்கென்று அமைச்சரவைத் தகுதியோடு தனித் துறை வந்தபோது, புள்ளிவிவர பீரோ என்ற பெயரோடு அதற்குள் போனது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. பார்த்த வேலை ஏறத்தாழ அதேதான். முப்பது வருடத்துக்குள் பெயர்ப்பலகை ஏறியும் இறங்கியும் விட்டது. இதையெல்லாம் தமிழில் எழுதும்போது நான்கு கட்டத்துக்கும் துறை என்றே போட்டால், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும்.

சரி, டிப்பார்ட்மென்ட் பெரியது, பீரோ சின்னது என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஹாங்காங்கில் தலைகீழ். அங்கே கொள்கை வகுப்பது பீரோ, அதைச் செயல்படுத்துவது டிப்பார்ட்மென்ட். பாதுகாப்பு பீரோவின் கீழ்தான் குடிவரவு டிப்பார்ட்மென்ட் வருகிறது, காவல் படையும் வருகிறது. எழுத்து ஒன்றுதான், ஒலி ஒன்றுதான், வாஷிங்டனில் கீழ்ப்படி, ஹாங்காங்கில் மேல்படி. இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. எத்தனை கடிதங்களில் எத்தனை பேரை எந்த வாசலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேனோ.

முரட்டுத் துணி

பீரோ என்ற இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று போய்ப் பார்த்தால் அங்கே அரசாங்கமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒரு துணி இருக்கிறது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘ப்யூரெல்’ என்றால் முரட்டுக் கம்பளித் துணி. பிற்கால லத்தீனில் கம்பளிக் கற்றையைக் குறித்த ‘பர்ரா’ என்ற சொல்லிலிருந்து அது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் மேசைமேல் இந்தத் துணியை விரித்தார்கள். துணியின் பெயர் மேசைக்கு வந்தது. மேசையின் பெயர் மேசை இருந்த அறைக்கு வந்தது. அறையின் பெயர் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு வந்தது. கடைசியில் அவர்கள் எந்த அரசுக்காக எழுதினார்களோ அந்த அரசின் ஓர் உறுப்புக்கே பெயராகி நின்றுவிட்டது. பிரெஞ்சில் இன்றைக்கும் இந்தப் படிகளில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கின்றன. எழுதும் மேசையும் அதுதான், வேலை பார்க்கும் அறையும் அதுதான், தபால் நிலையமும் ஒரு பீரோதான். கணினியைத் திறந்ததும் வரும் முகப்புத் திரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

துணி மேசையாகி, மேசை அரசாகும் இந்தக் கதை இது ஒன்றோடு முடியவில்லை. இங்கிலாந்தின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்ததும் ஒரு மேசைத்துணியால்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஏறக்குறைய பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசையில், சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட துணியை விரித்து, கட்டங்களில் காய்களை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கட்டத்துணியின் பெயர் இன்றைக்கும் அந்த நாட்டு நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இருக்கிறது. போர்டு என்பது பலகை. அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் போர்டு ஆனார்கள். கேபினட் என்பது சிறிய அறை, அதுவே அமைச்சரவை ஆனது. அமைச்சருக்கு ஒதுக்கும் பொறுப்பை போர்ட்ஃபோலியோ என்கிறோமே, அது காகிதங்களைத் தூக்கிப்போகும் பை. ஆட்சி என்றால் காகிதம், காகிதம் என்றால் அதை வைக்க ஓர் இடம். ஐரோப்பிய மொழிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வின்சென்ட் த குர்னே என்ற பிரெஞ்சுப் பொருளியல் சிந்தனையாளர் இந்த பீரோவோடு, ஆட்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டவைத்தார். 1759இல் அவர் இறந்துவிட்டார். 1764இல் இன்னொருவர் எழுதிய கடிதம் மூலமாகத்தான் அந்தச் சொல்லை அவர் உண்டாக்கியது நமக்குத் தெரியவருகிறது. அதுதான் பியூரோக்ரஸி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மேசையின் ஆட்சி. தமிழில் அதிகாரவர்க்கம் என்கிறோம். நல்ல சொல்தான், கோபமும் இருக்கிறது அதில். ஆனால் மேசை காணாமல் போய் ஆட்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். முகம் தெரியாத ஒரு மேசைதான் நம்மை ஆள்கிறது என்ற அந்த முதல் வலி தமிழுக்கு வந்து சேரவில்லை. பிற்பாடு ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதியதிலும் பீரோ என்பது அலுவலர்கள், அவர்களுடைய கருவிகள், கோப்புகள் எல்லாம் சேர்ந்த ஒரு முழுமை. கோப்பு இல்லாமல் பீரோ இல்லை. இந்த ஒரு குறிப்பு எனக்குப் பின்னால் கைகொடுத்தது.

“நம்ம பீரோவா?”

பெரியவரை மறுபடி வரச் சொல்லியிருந்தேன். கடிதத்தைப் புதிதாக மொழிபெயர்த்து வைத்திருந்தேன். டிப்பார்ட்மென்ட் வந்த மூன்று இடத்திலும் துறை, பீரோ வந்த நான்கு இடத்திலும் பணியகம். தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று விளக்கி ஒரு கடிதமும் எழுதி, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக முதல் பக்கத்தைப் படித்தார். முதல் ‘பணியகம்’ வந்த இடத்தில் விரல் நின்றது.

“பணியகம்னா என்னம்மா?”

வேலை நடக்கிற இடம் என்றேன். துறையிலயும் வேலைதானே நடக்குது என்றார். துறைக்குள்ளே இருக்கிற சின்ன அமைப்பு என்றேன். தலையாட்டினார், ஆனால் முகத்தில் வெளிச்சம் வரவில்லை. ஒரு நிமிடம் கழித்து, “இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான்?” என்று கேட்டார்.

“பீரோன்னு போட்டிருக்காங்க ஐயா.”

“பீரோவா? நம்ம பீரோவா?”

சட்டென்று இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது வேற, இது வேற என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தத் துணியும் மேசையும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆமாம் ஐயா, அதே சொல்தான் என்றேன். சாய்வான மூடியை இறக்கினால் எழுதுபலகை ஆகிவிடும் பழைய மேசை ஒன்று உண்டு. மூடிக்குப் பின்னால் கடிதம் வைக்கச் சின்னச் சின்னக் கண்ணறைகள், கீழே இழுப்பறைகள், எல்லாவற்றுக்கும் பூட்டு. இங்கிலாந்தில் அந்த மேசையைத்தான் பீரோ என்றார்கள். அமெரிக்காவில் எழுதுபலகையை விட்டுவிட்டு இழுப்பறைகள் மட்டும் உள்ள அலமாரிக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இரும்பால் செய்த, கதவும் பூட்டும் உள்ள அலமாரிக்கு அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாம் ஒரே குடும்பம் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அப்பச் சரி. துறைங்கிறது வீடு. இது அந்த வீட்டுக்குள்ள இருக்கிற பீரோ. பத்திரம் பட்டா எல்லாம் பீரோவுலதானே இருக்கும்? நான் வீட்டு வாசத்திண்ணையில வச்சிட்டு வந்திருக்கேன்.”

இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு ஒரு சொல்லை இவ்வளவு துல்லியமாக விளக்கியதில்லை. வெபர் பக்கம் பக்கமாகச் சொன்னதில் பாதி அந்த நாலு வாக்கியத்தில் இருந்தது. பெயரில் உள்ள பெருமையைப் பார்க்காமல், காகிதம் எங்கே இருக்கிறது என்று அவர் பார்த்தார். யார் கையில் சாவி, யார் திறந்தால் வேலை நடக்கும் என்று பார்த்தார். நான் அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அரசாங்கத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தவர், அதனால் அவருக்கு அது சீக்கிரம் தெரிந்துவிட்டது.

துறைக்குள் துறை

அன்றிலிருந்து ஆங்கிலத்தில் பீரோ என்று வரும் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுகிறோம் என்று பார்த்துக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். இந்தியாவின் சிபிஐயை நாளிதழ்கள் மத்தியப் புலனாய்வுத் துறை என்கின்றன. போதைப்பொருள் கடத்தலைப் பிடிக்கும் பீரோ தடுப்புப் பிரிவு ஆகிறது. பத்திரிகைகளுக்கு அரசுச் செய்தி தரும் பீரோ, பத்திரிகை தகவல் அலுவலகம். குற்றங்களின் எண்ணிக்கையைத் தொகுக்கும் பீரோ, ஆவணக் காப்பகம். பொருள்களுக்குத் தர முத்திரை தரும் பீரோ, தர நிர்ணய அமைவனம். பொதுவுடைமைக் கட்சிகளின் பொலிட்பீரோ, அரசியல் தலைமைக் குழு. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்பைக் கவனிக்கும் பீரோவுக்குப் பணியகம் என்றே அதிகாரபூர்வப் பெயர். ஒரு சொல்லுக்கு ஏழு சொல். பெரியவரின் கடிதத்தில் ஏழு இடத்துக்கு ஒரே சொல். இரண்டுமே என்னைப் படுத்தின.

எல்லாவற்றையும் தவறு என்று சொல்லிவிட முடியாது. காப்பகம் என்று எழுதியவர் அந்த அமைப்பு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். ஆவணம் அங்கே இருக்கிறது, ஆகவே காப்பகம். படிப்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழு என்பதும் அப்படித்தான், அது கூடிப் பேசும் சிலர்தான், அலுவலகக் கட்டடம் இல்லை. எனக்கு முள்ளாகத் தைப்பது சிபிஐயின் துறைதான். 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை அமைச்சகத்தின் தீர்மானத்தால் உருவான அமைப்பு அது. அதன் சட்ட அதிகாரம் 1946ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. இன்று நிர்வாக ரீதியாக அது பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் கீழ் இருக்கிறது. அதாவது தமிழில் எழுதினால், ஒரு துறையின் கீழ் இன்னொரு துறை. நான் எழுதிய அதே கடிதம்!

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவரும் மொழிபெயர்ப்பில் ஊறியவர். ‘மக்கள் வாயில் நுழைந்துவிட்ட சொல்லை எதற்குத் தொந்தரவு செய்கிறாய், புலனாய்வுத் துறை என்றால் எல்லாருக்கும் புரிகிறதே’ என்றார். செய்தி படிப்பவருக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். யாரோ எங்கோ சோதனை நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் மனு எழுதுகிறவருக்கு அது போதாது. முறையீடு யாரிடம் போக வேண்டும், மேல்முறையீடு யாரிடம், எந்த முகவரி என்று தேடுகிறவருக்குத் துறை என்பது ஒரு வாசல், பணியகம் என்பது வேறு வாசல். அரசாங்கத்தோடு எந்த வேலையும் இல்லாதவர்களுக்குத்தான் இந்தச் சொற்கள் ஒன்றாகத் தெரியும். எனக்கும் மூன்று மாதம் முன்புவரை அப்படித்தான் தெரிந்தது.

தமிழில் சொல் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது இன்னொரு ஆதங்கம். துறை என்பது முதலில் ஆற்றில் இறங்கும் இடம். படித்துறை, நீர்த்துறை, துறைமுகம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பெரிய நீர்ப்பரப்பில் இன்னார் இறங்க இன்ன இடம் என்று பிரித்துக்கொண்டதுதான் துறை. டிப்பார்ட்மென்ட் என்பதற்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கும் பங்கிட்டுப் பிரிப்பது என்றுதான் பொருள். இரண்டும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! துறை என்ற சொல் அரசு வழக்கில் நிலைபெறுமுன் இலாகா என்றோம். அரபியில் தொடர்பு என்று பொருள்படும் சொல், இந்திக்குப் போய் வட்டாரம் என்றாகி, தமிழில் அரசுத் துறை என்றாகிவிட்டது. இலாகா இல்லாத மந்திரி என்ற பேச்சு இன்னும் வழக்கில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் டிப்பார்ட்மென்டுக்குத் திணைக்களம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைக் கேட்டால் சிலர் புதுமையாகப் பார்ப்பார்கள், ஆனால் அது சோழர் கல்வெட்டில் உள்ள சொல். நிலவரிக் கணக்கைக் கவனித்த அமைப்புக்குப் புரவுவரித் திணைக்களம் என்றே பெயர். வாரியமும் அப்படித்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919லும் 921லும் பொறித்தவற்றில், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாரியம் இருக்கிறது. எந்த அமைப்புக்கு எந்தச் சொல் என்பதில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் தெளிவாக இருந்திருக்கிறோம்.

பணியகம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ‘அகம்’. களம் என்றால் திறந்த வெளி, நெல்லடிக்கும் களம், போர்க்களம். அகம் என்றால் உள்ளே, வீட்டுக்குள்ளே. பெரியவர் சொன்ன வீட்டுக்குள்ளே இருக்கும் பீரோ அந்த ஒரு அசையில் வந்துவிடுகிறது. அமெரிக்கக் கடிதமா, துறைக்குள் பணியகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஹாங்காங் கடிதம் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், அங்கேயும் சொல்லை மாற்ற மாட்டேன். பணியகம் என்றே எழுதி, இன்ன துறைகள் இதன் கீழ் வருகின்றன என்று கூடவே ஒரு வரி சேர்ப்பேன். சொல்லால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. எது எதற்குள் இருக்கிறது என்று ஒரு வரி, காகிதம் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி, அமைப்பின் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து ஒரு வரி. இந்த மூன்றையும் இப்போது ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்திலும் வைக்கிறேன். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான்.

ஆவணங்கள் இந்த முறை சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தாமதத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தபோது பெரியவர் அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தார். ஒரே பக்கம்தான். உட்கார வைத்து அப்போதே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து அதே பென்சிலை எடுத்தார். துறை வந்த இடத்தில் வட்டம் போட்டார். பணியகம் வந்த இடத்தில் சதுரம் போட்டார். மூன்றாவதாக ஒரு சொல் இருந்தது. ஆங்கிலத்தில் டிவிஷன், நான் பிரிவு என்று எழுதியிருந்தேன். அதன்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இது பீரோவுக்குள்ள இருக்கிற லாக்கர்தானேம்மா?”

ஆமாம் ஐயா என்றேன். சதுரத்துக்குள் சின்னதாக இன்னொரு சதுரம் வரைந்துகொண்டார்.